பதினோரு அடுக்கு நெல்லும் ஒரு கைதட்டும்

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் கைதட்டிக் காக்கா கைதட்டிப் பார்க்காத கட்டடம் ஒன்று இருக்குமானால், அது இன்னும் அத்திவாரம் போடாத கட்டடமாகத்தான் இருக்கும். பாடசாலை மண்டபம், பஸ் நிலையம், கூட்டுறவுக் கடை, பல் வைத்தியரின் அறை என்று எதையும் மனிதர் விட்டுவைக்கவில்லை. உள்ளே போவார். நடுவில் நிற்பார். இடுப்புச் சாறனைச் சரிசெய்துகொள்வார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ‘பட்’ என்று ஒரேயொரு தட்டு. தலையை ஒரு பக்கம் சாய்த்து, அந்தச் சத்தம் சுவரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்வரை காத்திருப்பார். அதன் பிறகு தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

சாய்ந்தமருதில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவர் தொழில். கலியாணம், விளையாட்டுப் போட்டி, தேர்தல் கூட்டம் எதுவானாலும் அவருடைய பெட்டிகள்தான் பேசும். அவருக்கு வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். அடையாள அட்டையைப் பார்த்தால் தெரியும். பார்த்தவர் யாரையும் நான் அறியேன். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம், அவர் ஊருக்கே காக்கா.

பல் வைத்தியர் கதையைக் கேளுங்கள். கடைவாய்ப் பல் வீங்கிப்போய், ஒரு கன்னத்தில் தோடம்பழம் வைத்தவர் மாதிரி காக்கா அங்கே போயிருக்கிறார். கதிரையில் உட்காரச் சொன்னால் உட்காராமல் ஒரு தட்டு. வைத்தியர் கையிலிருந்த ஊசி கீழே விழுந்துவிட்டது.

“டொக்டர், உங்கட ரூம்ல ஒருத்தன் கத்தினா, வெளிய இரிக்கிறவனுக்குப் பத்துப்பேர் கத்துற மாதிரிக் கேக்கும். அதான் வாற ஆக்கள் வாசலோட திரும்பிப் போறாங்க. தடிப்பான திரைச்சீல ரெண்டு போடுங்க. பல்லப் பொறகு பாப்பம்.”

வைத்தியர் திரை போட்டார். அடுத்த மாதமே அங்கே நம்பர் எடுக்க வரிசை நின்றது. காக்காவின் பல் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறதென்று கேள்வி.

அவர் கலியாணம் முடித்ததும் கைதட்டித்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவார். வீடு பெண்ணுடையது. அதனால் பெண் பார்ப்பதோடு வீடும் பார்ப்பார்கள். எல்லா மாப்பிள்ளைமாரும் கதவு என்ன மரம், கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று பார்ப்பார்கள். காக்கா வீட்டு ஹோலின் நடுவில் போய் நின்று தட்டினார். மாப்பிள்ளை தேத்தண்ணீருக்கு அவசரப்படுகிறார் என்று நினைத்து மாமனார் உள்ளே பார்த்துச் சத்தம்போட, தொதலும் வட்டிலப்பமுமாக இனிப்புகள் மூன்று தட்டில் ஓடி வந்தன.

“வீடு நல்லம்” என்றார் காக்கா. “ஆனா இந்த ஹோல்ல ஒருக்கா ஏசினா ரெண்டு தரம் கேக்கும்.”

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: “அப்ப அவர ஏசாம இரிக்கச் சொல்லுங்க.”

அந்தக் குரல் சுவரில் பட்டுத் திரும்பிவந்த அழகில் தான் விழுந்துவிட்டதாகக் காக்கா இன்றைக்கும் சொல்வார். அன்றைக்கே ஓம் என்றுவிட்டார். அவரைக் கட்டிக்கொண்ட அந்த ராத்தா இத்தனை வருடமாக அவரை ஏசிக்கொண்டுதான் இருக்கிறார். எல்லாம் இரண்டு தரம் கேட்கிறதாம்.

இந்த மனிதரை நாங்கள் எல்லாரும் அரைவிசர், அதாவது பாதிப் பைத்தியம், என்றுதான் வைத்திருந்தோம். நானும்தான். எங்கள் உம்மா சமைக்கிற குசினியில் தட்டிப் பார்த்து, “தங்கச்சி, இதுக்குள்ள நிண்டு யாரப்பத்தியும் கதைக்காதீங்க, யன்னலால நேராப் பக்கத்து வீட்டுக்குப் போகுது” என்று அவர் சொன்ன நாளிலிருந்து எங்கள் உம்மா இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. அப்போது நான் சிரித்தேன். ஆண்டவன் சிரித்தவனைத்தான் முதலில் பிடிப்பான் போலிருக்கிறது.

நான் அப்போது ட்ரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன். நானும், கிற்றார் வாசித்துப் பாடும் என் மச்சான் அஸ்மியும், கல்முனையிலிருந்து இன்னும் இரண்டு பொடியன்களுமாக ஒரு ரொக் பேண்ட் வைத்திருந்தோம். மரியாதையான குடும்பத்துப் பிள்ளைகள் இப்படி உருளி உருளியாக எதையோ வைத்து அடிப்பதா என்று ஊரில் பாதிப்பேர் கேட்டார்கள். மீதிப்பேர் கேட்கவில்லை, ஏனென்றால் எங்கள் சத்தத்தில் அவர்களுக்கு வேறெதுவும் கேட்கவில்லை. என்னைப் பற்றி ஒன்று சொல்கிறேன், பெருமைக்காக அல்ல: நான் நல்லாத்தான் அடிப்பேன். சரி, பெருமைக்காகவும்தான்.

கொழும்பில் ஒருவர் பல ஊர்ப் பாட்டுக்களைச் சேர்த்து ஒரு ஆல்பம் செய்துகொண்டிருந்தார். அஸ்மி எழுதிய கடல்பாட்டு அவருக்குப் பிடித்துவிட்டது. ஒழுங்காகப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னார். நாங்கள் அஸ்மியின் அறையில் ட்ரம்ஸைப் போட்டுப் பதிவுசெய்தோம். பத்தடிக்குப் பத்தடி அறை, சீமெந்துச் சுவர், மாபிள் தரை. கேட்டுப் பார்த்தால் யாரோ பிஸ்கட் தகரத்தைக் கரண்டியால் அடிப்பது மாதிரி இருந்தது. முட்டை அட்டை ஒட்டினால் சரியாகும் என்று எவனோ சொன்னான். ஊரிலுள்ள முட்டைக் கடைகளிலெல்லாம் அட்டை வாங்கி நான்கு சுவரும் ஒட்டினோம். மறுபடி அடித்தோம். இப்போது அதே பிஸ்கட் தகரம், மேலே ஒரு பெட்சீட் மூடியிருந்தது. வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினோம்.

திங்கட்கிழமை காலையில் கொழும்பிலிருந்து வொய்ஸ் மெசேஜ் வந்தது. ஆள் மிகவும் மரியாதையாகப் பேசினார்: “பாட்டு சூப்பர் தம்பி. கிற்றாரும் சூப்பர். ட்ரம்ஸ எடுத்திட்டு நாங்க இங்க கம்பியூட்டர் ட்ரம்ஸ் போட்டுக்கொள்றம். இல்லாட்டி அடுத்த திங்களுக்குள்ள வேற எடுத்து அனுப்புங்க.”

ட்ரம்ஸை எடுத்துவிட்டு! என் பாட்டில் என் கையும் காலும் இருக்காது. பெயர் மட்டும் கடைசியில் எங்கோ மூலையில் இருக்கும், கலியாண வீட்டில் சாப்பாடு கிடைக்காதவன் மாதிரி. என் இடத்தில் ஒரு மெசின் உட்கார்ந்து அடிக்கும். அது தண்ணீர்கூடக் கேட்காது. அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதும்விட்டேன்.

நல்ல மைக் இருந்தால் தப்பலாம் என்று அஸ்மி சொன்னதால் காக்காவிடம் மைக் கேட்டுப் போனோம். அவர் மைக்கைத் தரவில்லை. “எந்த ரூம்ல எடுத்தீங்க? அத மொதல்ல காட்டுங்க” என்று மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார்.

அஸ்மியின் அறைக்குள் வந்து நின்று தட்டினார். தலையைச் சாய்த்தார். காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை தட்டினார், அது அவர் வாழ்க்கையில் செய்யாத வேலை. பிறகு சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பார்த்து, மையத்து வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையில் கைவைத்தார்.

“ரூமச் சாகடிச்சிட்டீங்களே மனே! இந்த அட்ட கீச்சுச் சத்தத்தத்தான் தின்னும். ‘பொம்’ எண்டு வாற பெரிய சத்தத்த இது தொட்டும் பாராது. அது இந்தச் சின்ன ரூமுக்குள்ள ஓட இடமில்லாம சுவருல முட்டி, ஒடனே திரும்பி வந்து மைக்குட மூக்குல குத்துது.”

“அப்ப என்ட அடியில பிழையில்லயா காக்கா?” என்று கேட்டேன். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

“உன்ட அடிய ஆரு கேட்டா? நீ அடிக்கிறது ட்ரம்ஸ இல்ல தம்பி. நீ அடிக்கிறது ரூம. ட்ரம்ஸ் சும்மா தட்டு. ரூம்தான் பாடுற.”

அந்த நிமிடத்திலிருந்து இது என் பாட்டு இல்லை, காக்காவின் பாட்டு. நல்ல அறை தேடி அடுத்த மூன்று நாளும் அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் நானும் என் ஸ்னேர் ட்ரம்மும் அலைந்தோம். ஸ்னேர் என்பது ட்ரம்ஸ் செட்டின் நடுவில் இருக்கும், அடித்தால் சடசடவென்று பேசும் சின்ன ட்ரம். போகிற இடமெல்லாம் காக்கா தட்டுவார், பிறகு நான் ஒரு அடி அடிப்பேன். கலியாண மண்டபம் ஒன்றில் அடித்தேன். “இது சரிவராது. இண்டைக்கு அடிச்சது நாளைக்கும் கேக்கும்” என்றார். மீனுக்கு ஐஸ் வைக்கும் குளிர் அறையில் அடித்தேன். சத்தம் பிறக்கும்போதே விறைத்துவிட்டது. நாங்களும்தான். மருதமுனையில் ஒரு நெசவுக் கொட்டகை காக்காவுக்கு ஓரளவு பிடித்தது. ஆனால் அங்கே தறி நிற்காது. தறியடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலையை நிமிர்த்தாமலே, “தம்பி, நீங்க கொஞ்சம் ஓடுறீங்க, எங்கட தறியப் பாத்து அடிங்க” என்றார். கவனித்துப் பார்த்தேன். நான் ஓடத்தான் செய்தேன், தாளத்துக்கு முந்தி. அங்கே ஒரு சாறன் வாங்கிக்கொண்டு மானத்தோடு வெளியே வந்தோம்.

வியாழக்கிழமை காக்கா என்னைச் சம்மாந்துறைக்குக் கொண்டுபோனார். “பாத்துக்கிட்டே இரி. இலங்கையிலயே நல்ல ரூம் அங்கதான் கிடக்கு. போன வருசம் அந்த மில்லுக்கு ஸ்பீக்கர் பூட்டப் போன நேரம் ஒருக்காத் தட்டினன். அந்தச் சத்தம் இன்னும் என்ட காதுக்குள்ள இரிக்கி.”

அது ஒரு அரிசி ஆலையின் நெல் ஸ்டோர். உயரமான சீமெந்துச் சுவர், தகரக் கூரை, எட்டு லொறி நிறுத்தலாம். வெள்ளாமை வெட்டு இன்னும் தொடங்காததால் ஸ்டோர் துடைத்துவிட்டது மாதிரி வெறுமையாகக் கிடந்தது. மில்லுக்குச் சொந்தக்காரர் ஒரு ஹாஜியார். வெள்ளைத் தொப்பி, கையில் எப்போதும் ஒரு பிடி நெல். பேசும்போது ஒவ்வொன்றாக உரித்து வாயில் போடுவார்.

“சனி, ஞாயிறு எடுங்க. ஆனா வெள்ளாமை வந்திச்செண்டா ஒரு நிமிசமும் தரமாட்டன். நெல்லு முந்தி, கொட்டு பிந்தி” என்றார்.

சனிக்கிழமை காலையில் ட்ரம்ஸைப் போட்டோம். காக்கா வேலை செய்கிற அழகை அன்றைக்குத்தான் பார்த்தேன். பானை வாங்குகிற ஆள் தட்டிப் பார்ப்பது மாதிரி ஒவ்வொரு ட்ரம்மையும் சுற்றித் தட்டி, ஒவ்வொரு திருகாக முறுக்கி, அதன் குரலை ஒன்றாக்கினார். காலால் மிதிக்கிற பெரிய ட்ரம்முக்குள் ஒரு தலையணையைத் திணித்தார். ஸ்னேர் மேல் மருதமுனைச் சாறனை நாலாக மடித்து ஓரத்தில் வைத்தார். பெரிய ட்ரம்முக்குக் கிட்ட ஒரு மைக், தலைக்கு மேலே இரண்டு மைக், தூரத்தில் வாசலடியில் ஒன்று. மேசன்மார் நூல் ஒன்றை எடுத்து ஸ்னேரிலிருந்து மேலேயிருக்கும் இரண்டு மைக்குக்கும் ஒரே தூரமா என்று அளந்தார். தூரம் பிசகினால் ஒரே அடி இரண்டு நேரத்தில் போய்ச் சேர்ந்து சண்டைபிடிக்குமாம்.

“தூரத்தில இரிக்கிற அது என்னத்துக்கு காக்கா?” என்றான் அஸ்மி.

“கிட்ட வெச்ச மைக் ட்ரம்ஸக் கேக்கும். தூர வெச்ச மைக்தான் இடத்தக் கேக்கும். ரெண்டயும் சோறும் கறியும் மாதிரி அளவாச் சேக்கோணும்.”

எல்லாம் முடிந்து நான் அடித்தேன். லெப்டொப்பில் போட்டுக் கேட்டோம். யா அல்லாஹ்! முதல் அடி நல்லது. அது ஓயுமுன் இரண்டாவது அடி அதன்மேல் ஏறி, மூன்றாவது அதன்மேல் ஏறி, பாட்டின் நடுவில் எல்லாம் சேர்ந்து மாவாகிவிட்டது. மெதுவாக அடித்துப் பார்த்தேன். மெதுவான மாவு. காக்கா மைக்கை நகர்த்தினார், நூலை நகர்த்தினார், என்னை நகர்த்தினார். பொழுது சாயும்வரை எதுவும் நகரவில்லை.

அவர் ஸ்டோரின் நடுவில் நின்று தட்டினார். அந்தச் சத்தம் கூரைக்குப் போய், நான்கு மூலைக்கும் போய், போய்க்கொண்டே இருந்தது. காக்காவின் முகத்தில் நான் ஒருநாளும் பார்க்காத ஒன்று தெரிந்தது. சந்தேகம்.

“அண்டைக்கு இப்பிடிக் கேக்கல்லயே” என்றார், தனக்குத்தானே. “தல நல்லாரிக்கி. வால்தான் நீளம்.”

அடித்த அடியை அவர் தலை என்பார். அது ஓயுமட்டும் இழுபடுவது வால். மறுநாள் ஞாயிறு. திங்கள் காலையில் மெசின் வந்து என் கதிரையில் உட்காரப் போகிறது. போதாக்குறைக்கு, வீட்டிலிருந்து ராத்தா போன் எடுத்து, தன் தலையணை எங்கே என்று கேட்டார். அது ட்ரம்முக்குள் இருக்கிறது என்று சொல்ல எங்கள் மூவரில் ஒருவருக்கும் தைரியம் இருக்கவில்லை.

ஞாயிறு காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மில் வாசலில் நெல் ஏற்றிய டிரெக்டர் வண்டிகள் ஏழு நின்றன. மேற்கே வானம் கறுத்துக் கிடந்ததால், மழைக்கு முன் வெட்டிவிட வேண்டும் என்று வயல்காரர் எல்லாரும் ஒரே நாளில் வெட்டுமெசினை இறக்கிவிட்டார்கள். நெல் முந்திவிட்டது. மூட்டை தூக்கும் நாட்டாமிமார் பன்னிரண்டு பேர் வரிசையாக ஸ்டோருக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் ட்ரம்ஸ் நடுவில் தனியாக நின்றது, வெள்ளத்தில் மாட்டின மாடு மாதிரி.

“கழட்டுங்க, கழட்டுங்க!” என்று ஹாஜியார் தூரத்திலிருந்தே கையசைத்துவிட்டு லொறிக்காரரிடம் பேசப் போனார். நான் பித்தளைச் சிம்பலைக் கழற்றத் தொடங்கினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது பின்னால் ‘பட்’ என்று ஒரு தட்டு.

“கழட்டாத!” என்று கத்தினார் காக்கா. “மனே, கழட்டாத! வால் கொறஞ்சிட்டு!”

பின்சுவரோரம் மூன்று அடுக்கு மூட்டை ஏறியிருந்தது. காக்கா இன்னொரு தடவை தட்டினார். பிறகு இரண்டு கையாலும் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

“நான் ஒரு மடையன்! போன வருசம் நான் தட்டின நேரம் உள்ளுக்கு நெல்லு இரிந்திச்சி! சத்தத்த ஞாபகம் வெச்சிக்கிட்டன், நெல்ல மறந்திட்டன்!”

காக்கா தன் பிழையை ஒத்துக்கொண்டதை நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். அதையும் அவர் ஒரு வெற்றி மாதிரித்தான் சொன்னார். அடுத்த நிமிடமே நாட்டாமிமாரின் நடுவில் போய் நின்று கட்டளை போடத் தொடங்கிவிட்டார்.

“தம்பிமார், அந்த மூலைக்குள்ள கட்டுங்க! அங்கதான் ‘பொம்’ எண்ட சத்தம் ஒளிச்சிக்கிட்டு இரிக்கி! இடதுபக்கச் சுவர விடுங்க, அது கொஞ்சம் பாடட்டும்!”

நாட்டாமிமாருக்கு ஹாஜியார் வைத்த புது மேற்பார்வையாளர் இவர் என்று நினைப்பு. சொன்ன இடத்தில் கட்டினார்கள். ஒவ்வொரு அடுக்கு ஏறவும் காக்கா ஒரு தட்டு, நான் ஒரு அடி. ஐந்தாவது அடுக்கில் மாவு ரொட்டியாகியது. ஏழாவதில் நாட்டாமிமாரே மூட்டையைப் போட்டுவிட்டுத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். “இன்னும் வால் நீளம் காக்கா” என்று அவர்களில் பெரியவர் ஒருவர் தலையைச் சாய்த்துத் தீர்ப்புச் சொன்னார். ஒன்பதில் அஸ்மி கையைக் கடித்துக்கொண்டு நின்றான். பதினோராவது அடுக்கில் நான் அடித்த அடி, நெஞ்சில் கைவைத்துத் தள்ளினது மாதிரி வந்து, நின்று, அழகாக ஒரு மூச்சு இழுத்து, அடங்கியது.

“தல, ஒடம்பு, வால், மூண்டும் சரி” என்றார் காக்கா மெதுவாக. “இனி ஒரு மூட்டையும் வரப்படா.”

அப்போதுதான் ஹாஜியார் உள்ளே வந்தார். மூட்டைகள் பின்சுவரோரமும் மூலைகளிலும் பிறை மாதிரி வளைந்து நிற்பதைப் பார்த்தார். வாயிலிருந்த நெல்லை உரிக்க மறந்துவிட்டார்.

“இதென்ன? நெல்லு அடுக்கி இரிக்கா, பந்தல் கட்டி இரிக்கா? வட்டமா அடுக்கிற பழக்கம் எந்த ஊருல?”

“காத்தோட்டம் ஹாஜியார்” என்றார் காக்கா, கண் இமைக்காமல். “நெல்லு மூச்செடுக்கோணும்.”

ஹாஜியார் ஒரு நிமிடம் யோசித்தார். அந்த ஒரு நிமிடம் அவர் நம்பவே செய்தார் என்று இன்றைக்கும் நான் சத்தியம் பண்ணுவேன். பிறகு ட்ரம்ஸைப் பார்த்தார். வெளியே இன்னும் நான்கு டிரெக்டர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன.

“மழை வருகுது! வெளிய நெல்லு நிக்கிது! கழட்டுங்க எண்டு எத்தின தரம் சொல்ற?”

“ஒரு பாட்டு ஹாஜியார். நாலு நிமிசம்” என்றேன். “இல்லாட்டி என்ட எடத்துல மெசினப் போடுவாங்க.”

ஹாஜியார் பதில் சொல்லுமுன், பெரிய நாட்டாமி தோளிலிருந்த சாக்கைக் கீழே போட்டார். “ஹாஜியார், எங்களுக்குப் பிளேன்டீ நேரம்” என்றார்.

“பத்து மணிக்குக் குடிச்சீங்களே!”

“அது மொதலாவது. இப்ப ரெண்டாவது.” பன்னிரண்டு பேரும் மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள். இவர்கள் உட்கார்ந்தால் அங்கே நெல்மணி ஒன்றும் நகராது. ஹாஜியார் வானத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். “நாலு நிமிசம்!” என்று நான்கு விரலைக் காட்டினார்.

காக்கா நாட்டாமிமாரை வெளியே போக விடவில்லை. “ஆரும் அசையப்படா. ஆள்ட ஒடம்பும் சத்தத்தக் குடிக்கும். நீங்க எழும்பிப் போனா வால் திரும்ப நீண்டிடும். உறிஞ்சிக் குடிக்கவும் வேணாம்.” பன்னிரண்டு பெரிய உடம்புகளும் கையில் கோப்பையோடு சிலையாக உட்கார்ந்தன. டிரெக்டர்காரரிடம் ஹோர்னை நிறுத்தச் சொல்லிவிட்டு அஸ்மி ஓடிவந்து பதிவை ஓடவிட்டான்.

நான் தொடங்கினேன். முதல் பாதி அருமையாகப் போனது. பாட்டைத் திருப்பி எடுக்கிற இடத்தில் யாரோ பெரிதாக ஒரு தும்மல். எல்லாரும் திரும்பினோம். தும்மினது காக்கா. நெல் தூசி.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று மூக்கைத் துடைத்துவிட்டு, “என்ன பாக்கிறீங்க? திரும்ப எடுங்க” என்று எங்களைத்தான் ஏசினார்.

இது இரண்டாவது, இதுதான் கடைசி என்பது மாதிரி ஹாஜியார் இரண்டு விரலைக் காட்டினார். ஏனோ கோபமாகத் தெரியவில்லை. காக்கா மூக்கில் சால்வையைக் கட்டிக்கொண்டு நடுவில் வந்தார். நெல், ஆள், கதவு எல்லாம் அதே இடத்தில்தானா என்று பார்க்க ஒரேயொரு தட்டு. தலையைச் சாய்த்தார். என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். நான் அடித்தேன். தறிக்காரப் பெண்ணை நினைத்துக்கொண்டு ஓடாமல் அடித்தேன். மெசினை நினைத்துக்கொண்டு பலமாக அடித்தேன். என் வாழ்க்கையில் நான் அப்படி அடித்ததில்லை, இனி அடிக்கவும் மாட்டேன். கடைசி அடி விழுந்தது. பதினைந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வால் போய்ச்சேரும் வரை இருந்தோம். வாசலில் இருமலை அடக்கிக்கொண்டு முகம் சிவந்து நின்றவர் ஹாஜியார்.

இருமி முடித்துவிட்டு, “கடைசி அடி இடி மாதிரி இரிந்திச்சி” என்றார். உடனே வானத்தைப் பார்த்துப் பதறி, “இன்னொருக்கா அடிச்சிராத, மழை வந்திரும்!” என்றார்.

நானும் அஸ்மியும் சட்டையைக் கழற்றிவிட்டு நாட்டாமிமாரோடு மூட்டை தூக்கினோம். கடைசி மூட்டை உள்ளே வரவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது. காக்கா மூட்டை தூக்கவில்லை. ஓரமாக நின்று கைதட்டி உற்சாகப்படுத்தினார். அன்று பின்னேரம் ராத்தா தன் தலையணையைத் தட்டிப் பார்த்து, ஒரு சிரட்டை நெல் எடுத்தாராம். அதைச் சொல்லி ஏசியது எத்தனை தரம் கேட்டதென்று நான் விசாரிக்கவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் கொழும்புக்காரரே போன் எடுத்தார். “தம்பி, இது எந்த ஸ்டூடியோ? என்ன மைக்? இந்த ஸ்னேர் எப்பிடி இப்பிடி வந்த?” என்று அடுக்கிக்கொண்டே போனார். அருகில் நின்ற காக்கா என் காதுக்குள் சொல்லித்தந்ததை அப்படியே சொன்னேன்: “சம்மாந்துறை. நெல்லு ஸ்டோர். பதினோரு அடுக்கு.” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. காக்கா அதற்கும் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“சரி, ட்ரம்ஸ் அப்பிடியே இருக்கட்டும், தொடமாட்டம்” என்றார் அவர். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. காக்கா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, முதுகு எப்படிக் கேட்கிறது என்று சொல்லாமலே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போன் இன்னும் என் கையில் இருந்தது. “ஒரு சின்ன விசயம்” என்றார் கொழும்புக்காரர். “தொடக்கத்தில ஒரு கைதட்டு விழுந்திருக்கு. அத மட்டும் வெட்டிடவா?”

“ட்ரம்ஸ வெட்டினாலும் வெட்டுங்க” என்றேன். “அத வெட்டாதீங்க.”